உமி மூட்டை

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நம் வகுப்பில் பாதிப் பேர் கவிதை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. தெரிந்தது வண்டிக்கு ஆயில் மாற்றுவதும், மாற்றத் தெரியாமல் கொட்டியதும்தான். அதையே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணம். அப்பாவுக்குக் குத்தகை நிலம் ஒரு ஏக்கர், மீதி நாளெல்லாம் கூலி வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். மெக்கானிக்கல் சேர்ந்த நாளிலிருந்து அப்பா தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "தம்பி எஞ்சினையே பிரிச்சு மாட்டும்" என்று பெருமையடித்துக் கொண்டிருந்தார். (அதுவரை நான் பிரித்தது ஒர்க்‌ஷாப்பில் செத்துக் கிடந்த ஒரே ஒரு எஞ்சின்தான். மாட்டி முடித்தபோது இரண்டு போல்ட் மீதி!)

2025 ஜூன் மாதம். 12-ந் தேதி மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று ஊரே குறுவை வேகத்தில் இருந்தது. பெரியப்பா பம்புசெட் தண்ணீரில் முன்கூட்டியே நாற்று விட்டிருந்தார். மெக்கானிக் கடைக்குக் கொடுக்கிற காசு மிச்சம் என்று, அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரை வாய்க்கால் கரையில் நிறுத்தினேன். ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு கீழே டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். விரல் சுட்டது. கையை உதறியதில் பாதியாய் வெட்டி வைத்திருந்த டப்பா கவிழ்ந்தது. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கறுப்பு ஆயில் தரையில்.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். அப்பா வருவதற்குள் தடம் தெரியக்கூடாதே என்று சோப்புத் தூளைப் போட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கரை சுத்தமாகிவிட்டது. ஆயில் எங்கே போனது? சரிவில் இறங்கி வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து மடை வழியாகப் பெரியப்பாவின் நாற்றங்காலுக்கு.

பெரியப்பாதான் முதலில் பார்த்தார். தண்ணீர் மேலே வானவில் மாதிரி மினுமினுப்பு. கூண்டுப் புழுவுக்கு நாற்றங்காலில் மண்ணெண்ணெய் விட்டு, கயிறு இழுத்து, உடனே தண்ணீரை வடிப்பது பழைய வழக்கம். அதனால், "மண்ணெண்ணெய் யார்டா விட்டது?" என்று கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. கரையில் கிடந்த ஸ்பேனரை அப்பா பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மடையை மண்ணால் அடைத்தார். வைக்கோலைப் பிரியாக முறுக்கி, ஆளுக்கொரு முனை பிடித்து, தண்ணீர் மேலேயே மெதுவாக ஒரு மூலைக்கு இழுக்கச் சொன்னார். படலம் ஒதுங்கி வந்தது. அதைத் தட்டால் வழித்து வழித்து வாளியில் எடுத்தோம். கடலில் எண்ணெய் கொட்டினால் மிதவை கட்டி வளைப்பார்கள் என்று பிறகு படித்தபோது எனக்கு அந்த வைக்கோல் பிரிதான் ஞாபகம் வந்தது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் கடைசியில் ஆட்கள் வாளியால்தானே அள்ளினார்கள்!

அதே 2017 ஜூன் 30-ல் நம் மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் கச்சா எண்ணெய் பரவியது. ஊர் திரண்டது, தடியடி, கைது. டி.வி.யில் அதைப் பார்த்து அப்பா அன்றைக்குச் சோறு சாப்பிடாமல் எழுந்து போனது எனக்குத் தெரியும். அந்த அப்பாவுக்கு முன்னால்தான் நான் இப்போது நின்றேன்.

மூன்றாம் நாள் ஒரு மூலை நாற்று கருகிப் பழுத்தது. பெரியப்பாவுக்கு அரைக் காணி நடவுக்கு நாற்று பற்றவில்லை. வெளியில் வாங்கித்தான் நட்டார். அன்றைக்கு நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கல்லூரியில் ஒர்க்‌ஷாப் சாரிடம் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி ஊத்துனியா?" ஆமாம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கற்றுக்கொண்டது இதுதான். எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் போதும், கொதிக்கக் கூடாது. வண்டி சமதரையில், சென்டர் ஸ்டாண்டில். கீழே அட்டை, அதன்மேல் முழு ஆயிலும் கொள்ளுகிற அகலத் தட்டு. கையுறை கட்டாயம். பழைய ஆயில் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் புற்றுநோய் வரைக்கும் போகும். லங்காஷயர் நூற்பாலைகளில் எந்திர எண்ணெய் உடையில் ஊறியே பல தொழிலாளருக்கு அது வந்தது.

சிந்திவிட்டால் முதலில் பள்ளமான பக்கத்தில் மண்ணாலோ உமியாலோ வரப்பு போட வேண்டும். அப்புறம்தான் துடைப்பது. மேலே மரத்தூளோ உமியோ கொட்டி, ஊறவிட்டு, பெருக்கி, மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். வழுக்கல் போகும் வரை இன்னொரு முறை. மண் தரையென்றால் கறுத்த மண்ணையே சுரண்டி எடுக்க வேண்டும். பெட்ரோல் போட்டுத் துடைப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம், பக்கத்தில் சைலன்சர் சூடாக இருக்கும். பின் டயரையும் பிரேக்கையும் பார்க்காமல் கிளம்பக் கூடாது. பழைய ஆயில் வந்த கேனிலேயே திரும்பி, அதை வாங்குகிற மெக்கானிக் கடைக்குப் போக வேண்டும். கரையானுக்குப் பூசுவது, அடுப்பில் ஊற்றுவது எல்லாம் நம் ஊர்ப் பழக்கம்தான், ஆனால் விட்டுவிட வேண்டியவை. பழைய ஆயிலை மறுசுழற்சி செய்வதில் தயாரிப்பாளர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று 2024 ஏப்ரல் முதல் மத்திய அரசு விதியே இருக்கிறது.

உமிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? ரைஸ் மில்லில் ஒரு மூட்டை வாங்கித் திண்ணையில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் பெரியப்பா தன் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஆயில் மாத்தணும்டா" என்றார். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

"அத அப்பறம் எடு. மொதல்ல உமி மூட்டைய எடுத்தா."