மானும் கவுனும்

மிருகங்களைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் போகட்டும். நாங்கள் புதியம்புத்தூருக்குப் போனோம்!

தூத்துக்குடிக்கு அருகே கரிசல் பூமியில் உள்ள இந்த ஊருக்குக் 'குட்டித் திருப்பூர்' என்று பெயர். தெருவில் கால் வைத்ததுமே தையல் மிஷின்களின் 'கடகட' சப்தம். எங்கே பார்த்தாலும் சிறுமிகளின் கவுன்கள் மலைபோல் குவிந்து கிடந்தன.

மறுநாள் வல்லநாட்டுக் குன்றுக்குச் சென்றோம். வெளிமான்களுக்காக 1987-ல் ஏற்பட்ட சரணாலயம் அது. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடமும் அதுதான். கறுத்த முதுகும் முறுக்குக் கொம்புமாக ஓர் ஆண் மான் நின்றது, மறுகணம் மாயம்!

திரும்பி வந்து, தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சொன்னேன்.

"கிட்டத்திலேதான் இருக்கு, நான் பார்த்ததில்லே அக்கா. தீபாவளிக்குள்ளே இத்தனையும் முடிக்கணுமே!" என்றாள்.

அவள் மடியிலிருந்த கவுனில் ஒரு மான்குட்டி துள்ளிக்கொண்டிருந்தது.

இனிமேல் கடையில் கவுனுக்குப் பேரம் பேச எனக்கு வாய் வருமா?