சதுரங்கப்பட்டினம்: கடலில் நடந்த போர்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டை நிற்கிறது. மெல்லிய பருத்தித் துணியை ஐரோப்பாவுக்கு ஏற்றிய துறைமுகம் இது. 1781இல் ஆங்கிலேயர் இதைக் கைப்பற்றினர்.

1782 பிப்ரவரி 17 அன்று இக்கரைக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனின் 12 போர்க்கப்பல்களும் எட்வர்ட் ஹியூஸின் 9 ஆங்கிலக் கப்பல்களும் மோதின. ஆங்கிலேயரின் எக்ஸெட்டர் கப்பல் சல்லடையாகத் துளைக்கப்பட்டது. இருட்டும் காற்றின் திசைமாற்றமும் சண்டையை முடித்தன. எந்தக் கப்பலும் மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. ஹியூஸ் திருகோணமலைக்கு விலகினார். சுஃப்ரென் பரங்கிப்பேட்டையில் படைகளை இறக்கினார். அவை ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலிக்குத் துணையாக வந்தவை. இதே இருவரும் அதன்பின் மேலும் நான்கு முறை மோதினர்.

கடற்போருக்குக் களம் என்று காட்ட நிலம் இல்லை. அதனால்தான் மாமல்லபுரம் வரை வருவோரில் பலர் இவ்வூரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கோட்டைக்குள் கிடங்குகளும், நுணுக்கமான சிற்ப வேலையுள்ள டச்சுக் கல்லறைகளும் உள்ளன. மதிலுக்கு வெளியே மீனவர்கள் அன்றாடம் படகு இறக்குவது, பீரங்கிகள் முழங்கிய அதே கடலில்தான்.