அடுத்து உட்காருகிறவர்

எங்கள் பிரவுசிங் சென்டரில் ஐந்து கணினிகள். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வுப் பதிவு, பட்டா நகல், ஆதார் டவுன்லோட் என்று காலையிலிருந்தே ஆள் வரும். வருகிற யாருக்கும் நேரம் இருக்காது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இன்றைக்குத்தான் கடைசித் தேதி. அந்த அவசரத்தில் 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று குரோம் கேட்டால் கை தானாக 'சேமி'யை அழுத்திவிடும். அடுத்து உட்காருகிறவருக்குக் கடவுச்சொல் தெரிய வேண்டியதே இல்லை. அது கட்டத்தில் தானே வந்து நிரம்பும்.

'வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யவும்' என்று சுவரில் ஒட்டிப் பார்த்தேன். யாரும் படிக்கவில்லை. ஒரு பெரியவர் வாட்ஸ்அப் வெப்பில் மகன் அனுப்பிய சான்றிதழைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் எழுந்த இடத்தில் உட்கார்ந்த கல்லூரிப் பெண் என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, இது யாரோட சாட்டு?" திரையில் அந்தக் குடும்பத்தின் பேச்சு முழுக்கக் கிடந்தது, ஆஸ்பத்திரிச் சீட்டுகளின் படங்கள் உட்பட. பெரியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வந்தது சான்றிதழுக்கு. கணினிப் பாதுகாப்பு படிக்க அல்ல.

அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஐந்திலும் குரோம் கெஸ்ட் முறையில் மட்டுமே திறக்கும்படி அமைத்தேன். விண்டோவை மூடினால் லாகின், குக்கி எல்லாம் அழிந்துவிடும். டவுன்லோட் செய்த கோப்பு மட்டும் அழியாது. ஆதார் பிடிஎஃப் அப்படியே கிடக்கும். அதற்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பாஸ்வேர்டு. தெருவில் யாருக்குத் தெரியாது? ஆகவே ஒவ்வொருவர் எழுந்ததும் டவுன்லோட்ஸையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறேன்.

சிரமம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். ஓடிபி திருப்பூரில் ஷிப்டில் இருக்கும் மகனின் போனுக்குப் போகும். அவன் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். "உங்க நோட்டுல எழுதி வச்சுக்கோங்க தம்பி, அடுத்த வருஷம் வந்து கேட்டுக்கறேன்" என்பவர்களிடம் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து அவர்களையே எழுதச் சொல்கிறேன். ரேஷன் கார்டோடு வீட்டில் இருக்கட்டும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதவே கூடாது என்ற உபதேசம் எனக்கு உடன்பாடில்லை. பீரோவில் இருக்கும் தாளைவிடப் பலர் புழங்கும் கணினியே ஆபத்து.

கணினிக்குக் கடவுச்சொல் வந்ததே பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்ததால்தான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு அதைக் கொண்டுவந்தது. 1962இல் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆலன் ஷெர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல் கடவுச்சொல் கோப்பையே அச்செடுத்து மற்றவர்கள் கணக்கில் நுழைந்தார். வெளியிலிருந்து வந்த திருடர் இல்லை. அதே கணினியில் அவசர வேலை இருந்த சக பயனர்.

வெளிக் கணினியில் வாட்ஸ்அப் திறந்திருக்கிறீர்களா? போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியை இன்றைக்கே பாருங்கள். உங்களுடையது அல்லாத கணினி அதில் இருந்தால் அங்கேயே தொட்டு வெளியேற்றுங்கள். கூகுள் கணக்கிலும் இதேபோலச் சாதனப் பட்டியல் உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள்.