கப்பல் வந்த நாள்: வழிகாட்டியின் கூலியும் “சந்தோசமும்”

திருகோணமலைக்குக் கப்பல் வருவது புதினமல்ல. இந்த இயற்கைத் துறைமுகத்துக்காகவே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் மாறி மாறிச் சண்டை பிடித்தார்கள். ஆனால் எங்கள் பெண்களுக்குக் கப்பல் என்றதும் நினைவுக்கு வருபவை வேறு. 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்டபின் யாழ்ப்பாணம் போவதற்குப் பெயர் பதிந்துவிட்டு இங்கே நாட்கணக்கில் காத்திருந்தவர்கள் உங்களில் பலர். 2009இல் புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களை ஏற்றி வந்த செஞ்சிலுவைக் கப்பலைப் பார்த்துக் கடற்கரையில் நின்றவர்களும் இருக்கிறீர்கள்.

2023 ஜூனில் வேறுவிதமான கப்பலொன்று வரத் தொடங்கியது. சென்னையிலிருந்து உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல் அது. அவ்வளவு பேரும் ஒரே காலையில் இறங்கி, ஊரைப் பார்த்து, பின்னேரத்துக்குள் திரும்பவும் ஏறிவிடுவார்கள். கையில் ஒரேயொரு பகல்தான். அந்த ஒரு பகலில் ஊருக்குள் வருகிற காசு யாருடைய கைக்குப் போகிறது என்பதைத்தான் இங்கு எழுத விரும்புகிறேன், சகோதரிகளே. ஏனென்றால் அதில் ஒரு பங்கு உங்களுடையதாகவும் இருக்கலாம்.

அந்த வருட ஆவணியில் லண்டனில் வசிக்கும் என் அத்தை, சிநேகிதர்கள் ஐந்து பேருடன் சென்னைக்கு வந்து இந்தக் கப்பலில் ஏறியிருந்தார். 1984இல் ஊரைவிட்டுப் போனவர் அவர். “ஆறு பேருக்கும் ஒரு நல்ல வழிகாட்டி பார்த்து வை பிள்ளை” என்று தொலைபேசியில் சொன்னார்.

யாரைத் தெரிவு செய்வது?

துறைமுகத்தில் இறங்குபவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கப்பல்காரரே ஒழுங்கு செய்யும் பஸ் பயணம். விலை கூட. நாற்பது பேரோடு நாற்பத்தோராவது ஆளாக ஓடவேண்டும். ஆனால் அந்த பஸ் பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். இரண்டாவது, வாசலில் நிற்கும் ஓட்டோ, வான்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவது. மூன்றாவது, முன்கூட்டியே ஒரு தனி வழிகாட்டியுடன் பேசி வைப்பது. பின் இரண்டிலும் நீங்கள் பிந்தினால் கப்பல் நிற்காது. ஆகவே தனி வழிகாட்டியிடம் முதலில் எதிர்பார்க்க வேண்டியது கதை சொல்லும் திறமையல்ல, நேரம் பார்க்கும் திறமை.

அடுத்தது அனுமதிப்பத்திரம். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. நாடு முழுவதற்குமான தேசிய வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்குரிய பிரதேச வழிகாட்டி, ஓர் இடத்துக்கு மட்டும் உரிய தல வழிகாட்டி, வாகனமும் ஓட்டி விளக்கமும் சொல்லும் சாரதி வழிகாட்டி என்று அதில் வகைகள் உண்டு. கழுத்தில் அட்டை தொங்கினால் மட்டும் போதாது, அது எந்த வகை, எந்த ஆண்டு வரை செல்லும் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது விலை. வாசலில் நின்ற ஒருவர் எங்களுக்கு மிகக் குறைந்த விலை சொன்னார். அதற்குக் காரணம் இருக்கிறது. குறைத்துச் சொன்னதை அவர் கடைகளில் எடுத்துக்கொள்வார். இரத்தினக்கல் கடை, வாசனைத் திரவியக் கடை என்று கூட்டிப் போனால் நாங்கள் வாங்குவதில் அவருக்குக் கொமிஷன் உண்டு. எட்டு மணித்தியாலத்தில் மூன்று கடையடியில் போய்விட்டால் ஊர் பார்க்க என்ன மிஞ்சும்?

நான் தெரிவு செய்தது ஒரு பெண்ணை. நாற்பது வயது தாண்டியவர், இரண்டு பிள்ளைகளின் தாய். பயிற்சியும் பரீட்சையும் முடித்துப் பிரதேச வழிகாட்டி அனுமதிப்பத்திரம் பெற்றவர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் பேசுவார். இத்தொழிலில் எங்கள் பெண்கள் மிகக் குறைவு. அவர் விலை சொன்ன விதமே எனக்குப் பிடித்தது. “வழிகாட்டிக் கூலி 9,000 மிஸ். வான் 14,000, அது சாரதிக்கு. நுழைவுச் சீட்டும் சாப்பாடும் உங்கட செலவு. கடைக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டன், கேட்டால் மட்டும் போவம்.” இதையே கைத்தொலைபேசியில் எழுத்திலும் அனுப்பினார்.

அன்றைய பகல்

காலை எட்டரைக்கு ஆறு பேரும் வெளியே வந்தார்கள். பின்னேரம் நாலரைக்குள் கப்பலில் ஏறவேண்டும். “நாங்கள் மூன்றரைக்கு இந்த வாசலில நிப்பம். அந்த ஒரு மணித்தியாலம் என்ர காப்பு” என்றார் வழிகாட்டி.

வெயில் ஏறமுன்னர் கோட்டைக்குப் போனோம். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கட்டத் தொடங்கிய கோட்டை அது. ஆங்கிலேயர் காலத்தில் பிரெட்றிக் கோட்டை என்று பெயர் வந்தது. எல்லோரும் மான்களைப் படம் பிடித்துக்கொண்டு உள்ளே நடக்கப் பார்த்தார்கள். அவர் வாசலிலேயே நிறுத்தினார். கல்நிலையில் பாண்டியரின் இரட்டைக் கயலும் தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. அத்தை அந்த ஊரில் பிறந்தவர், எத்தனையோ தரம் அவ்வழியால் நடந்தவர். அன்றுதான் அதைக் கண்டார். “இது எனக்கு ஒருவரும் காட்டேல்லையே” என்று கல்லைத் தடவிக்கொண்டு நின்றார்.

மேலே சுவாமி மலையில், 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பதிகம் பாடிய தலத்தைத் தரிசித்தோம். 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலுக்குள் பழைய கோயிலின் தூண்களைக் கண்ட செய்தியையும், இராவணன் வெட்டையும் வழிகாட்டி அளவாகச் சொன்னார்.

அங்கே ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்று உண்டு. பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயரோடும் 1687ஆம் ஆண்டோடும் சேர்த்து அதைப் பற்றிக் கதையொன்று சொல்லுவார்கள். காதலன் கைவிட்டுக் கப்பலேறிப் போக, அவள் அந்தப் பாறையிலிருந்து கடலில் குதித்து இறந்தாளாம். வழிகாட்டி அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தார். “கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய பதிவேட்டின்படி அவ சாகேல்லை. பிறகு வேறு கலியாணம் செய்து இருந்திருக்கிறா.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன்னர் அத்தையின் சிநேகிதி ஒருவர் கேட்டார்: “அப்ப உம்மட மனுசனுக்கு என்ன நடந்தது பிள்ளை? சண்டையிலயா?”

அவர் முகம் மாறவில்லை. “அது வேற கதை அம்மா. இப்ப வெயில் ஏறுது, கன்னியாவுக்குப் போவம்” என்று முன்னே நடந்தார்.

அவருடைய கதை எனக்குத் தெரியும். நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடையது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் நகரத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றரில் இருக்கின்றன. ஏழு சிறிய கிணறுகள். ஒவ்வொன்றின் சூடும் வேறு வேறு. தாய்க்குக் கருமம் செய்வதற்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். தாயின் சாவுக்கு வரமுடியாமற் போன அத்தை அங்கே வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார். அந்தக் கால் மணித்தியாலம் வழிகாட்டி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மற்றவர்களைத் தள்ளிக் கூட்டிப்போய் மரநிழலில் இருத்தினார். எப்போது பேசாமல் இருக்கவேண்டும் என்பதும் அத்தொழிலில் ஒரு பாடம்தான்.

மூன்று இருபதுக்கு வாசலில் நின்றோம்.

“சந்தோசம்”

மேலதிகமாகக் கொடுக்கும் காசுக்கு எங்கள் நாட்டில் அழகான ஒரு சொல் உண்டு, “சந்தோசம்”. சிங்களத்திலும் அதையே சொல்வார்கள். கட்டாயமில்லை. வேலை மனதுக்குப் பிடித்தால் கூலியில் 10 வீதமோ சற்றுக் கூடவோ கொடுப்பது இங்கு பொருத்தமான அளவு. அத்தை எல்லோரிடமும் சேர்த்து வழிகாட்டிக்கு 3,000 ரூபாயும் சாரதிக்கு 2,000 ரூபாயும் தனித்தனியாக அவரவர் கையிலேயே கொடுத்தார். அவர்களோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புறம்பாக 2,000 ரூபாய் கொடுத்து, “அந்தக் கல்வெட்டை நீங்கள் காட்டாட்டி நான் மானைப் பாத்திட்டுப் போயிருப்பன்” என்றார். கேள்வி கேட்ட அம்மா 50 பவுண் தாளொன்றை மடித்து வழிகாட்டியின் கைக்குள் வைத்தார். அன்றைய விலையில் அது ஏறத்தாழ 20,000 ரூபாய். “பாவம், தகப்பன் இல்லாத பிள்ளையளுக்கு ஏதாவது வாங்கிக் குடு” என்றார். கண்ணும் கலங்கியிருந்தது. அவர் நல்ல மனுசி, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கப்பலுக்கு அவர்கள் போனபின் நாங்கள் இருவரும் தேனீர் குடித்தோம். அவராகவே கதைத்தார்.

“ஐம்பது பவுணை வாங்கினன்தான் மிஸ். வாங்காமல் விட நான் என்ன பைத்தியமோ? நுண்கடன் தவணை ரெண்டு கட்டலாம். ஆனா அது நான் இண்டைக்குச் செய்த வேலைக்கு வந்த காசில்லை. மாஸ்டர் தந்த ரெண்டாயிரம் வேலைக்கு வந்தது. நான் வீட்ட போய் மகளுக்கு அதைத்தான் சொல்லுவன்.”

சிறிது நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். “முதல் வருசம் ஆரும் கேட்டால் என்ர கதையைச் சொல்லுவன் மிஸ். சொன்னால் காசு கூட வரும். பிறகு பாத்தன், சொல்லுற ஒவ்வொரு நாளும் இரவு நித்திரை இல்லை. பிள்ளையளோட எரிஞ்சு விழுவன். அதுக்குப் பிறகு விட்டிட்டன்.”

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஆர்லி ஹொக்ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரைப் பற்றிப் படித்தோம். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் அவர் எழுதிய நூலில், புன்னகையும் பொறுமையும்கூட உழைப்புத்தான், அதற்கும் களைப்பு உண்டு, அதுவும் விற்கப்படுகிறது என்று காட்டினார். அதை “உணர்வு உழைப்பு” என்பார்கள். பரீட்சைக்காகப் பாடமாக்கிய அந்தச் சொல்லின் பொருள் அந்தத் தேனீர்க் கடையில்தான் எனக்கு முழுவதுமாக விளங்கியது. சிரித்துப் பேசுவதற்குக் கூலி உண்டு. ஆனால் துக்கத்தைத் திறந்து காட்டுவது கூலிக்குள் அடங்காத வேலை. அதற்கு விலை வைத்துவிட்டால், துக்கம் ஆறாமல் இருப்பதுதான் வருமானம் என்றாகிவிடும்.

யுத்தம் முடிந்தபின் எங்களிடம் எத்தனையோ பேர் வந்தார்கள். படிவம் நிரப்ப, பேட்டி எடுக்க, உதவி தர, எல்லோரும் முதலில் கேட்டது இழப்பைத்தான். சமூக சேவையாளர்களாகிய எங்கள் படிவங்களும் அப்படித்தான் தொடங்குகின்றன. அதனால் இழப்பைச் சொன்னால்தான் ஏதாவது கிடைக்கும் என்ற பழக்கம் பல சகோதரிகளுக்கு வந்துவிட்டது. அது அவர்களின் பிழையல்ல. ஆனால் தொழில் என்பது வேறு. இரட்டைக் கயலைக் காட்டத் தெரிந்ததற்கும், மூன்றரைக்கு வாசலில் கொண்டுவந்து விட்டதற்கும் வருகிற காசுக்கு அடுத்த மாதமும் அடுத்த வருடமும் தொடர்ச்சி உண்டு. இரக்கத்துக்கு வருகிற காசு ஒருநாள் வரும், மறுநாள் வராது.

இத்தொழிலை நினைக்கும் சகோதரிகளுக்கு

நீங்கள் வழிகாட்டியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. வான் வைத்திருக்கலாம், மதியச் சாப்பாடு கொடுக்கலாம், பனையோலைப் பொருள் விற்கலாம். எதைச் செய்தாலும் அந்தச் சகோதரி சொன்ன சில விடயங்கள் பொருந்தும்.

விலை கேட்டால் “உங்கட விருப்பம்” என்று சொல்லாதீர்கள். கேட்பவருக்கும் அது சங்கடம், உங்களுக்கும் நட்டம். விலையை முதலிலேயே, எழுத்தில் சொல்லுங்கள். எது உள்ளடக்கம், எது புறம்பு என்பதையும் சொல்லுங்கள்.

சந்தோசக் காசைக் கூலியாக எண்ணிக் கூலியைக் குறைக்காதீர்கள். அது வந்தால் வரும். உங்களோடு வேலை செய்த சாரதிக்கும் கிடைத்ததா என்று பாருங்கள். வெளிநாட்டுச் சில்லறைக் குற்றிகளை இங்கு மாற்றுவது கடினம். தாளாகவோ ரூபாயாகவோ தரும்படி மரியாதையாகக் கேட்கலாம். அதில் வெட்கமில்லை.

உங்கள் சொந்தக் கதையைச் சொல்வதா இல்லையா என்பதை வீட்டிலிருந்து புறப்படும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். சொல்ல விரும்பினால் சொல்லுங்கள். விரும்பாவிட்டால் “அது வேற கதை அம்மா” என்ற ஒரு வசனம் போதும். கோபப்படத் தேவையில்லை, அழவும் தேவையில்லை. அடுத்த இடத்துக்குக் கூட்டிப் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்: அனுமதிப்பத்திரம் பாருங்கள், பேசிய கூலியைக் குறைக்காதீர்கள், சந்தோசம் கொடுக்கும்போது “பாவம்” என்று சொல்லாமல், அன்று பிடித்த ஒரு விடயத்தைச் சொல்லிக் கொடுங்கள். இரண்டாயிரம் ரூபாயானாலும் அது ஒரு வீட்டில் மகளிடம் பெருமையாகச் சொல்லப்படும்.