வேலை கேட்கும் கைகள்

ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு, நடுவே கற்பிட்டிக் குடாநாட்டின் மணல். அந்த மணலில் உள்ள ஊர் மாம்புரி. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் காற்றாலைகளையும் வைத்துத்தான் வெளியூர்க்காரர் இந்தப் பக்கத்தை அறிவார்கள். நான் இங்கே பார்த்தது பனையோலை வேலையை. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்தில் வார்ந்து, வேண்டியதைச் சாயத்தில் அவித்து எடுக்கிறார்கள். பின்னும்போது பக்கத்தில் ஒரு ஈரத்துணி இருக்கும். ஓலை காய்ந்திருந்தால் மடிப்பில் வெடிக்கும். ஈரம் கூடினால் பின்னல் உலர்ந்த பிறகு தளரும். அந்தப் பக்குவம் விரல் நுனிக்குத்தான் தெரியும். அடி தொடங்கும்போது கண்ணும் எண்ணிக்கையும் பிசகக்கூடாது. வேறு நினைப்புக்கு அங்கே இடமில்லை. கடும் நோயிலிருந்து மீண்ட ஒருவரின் மனதை இப்படியொரு வேலை தேற்றுமா? தேற்றும் என்றே நினைக்கிறேன். ஆனால் அழகான பொழுதுபோக்காகக் கொடுத்தால் போதாது. செய்த பொருளை யாராவது உண்மையிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகம வைத்தியசாலை வரை போய்வரும் குடும்பங்களில் சிகிச்சை நடக்கும் வரை எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கும். பஸ், கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனை, அடுத்த திகதி என்று நாட்கள் போகும். அது முடிந்த பிறகுதான் வெறுமை வருகிறது. “நீங்க சும்மா இருங்க ராத்தா, நாங்க பாத்துக்கொள்றம்” என்று வீடு சொல்வது அன்பினால்தான். ஆனால் மாதக்கணக்கில் அதையே கேட்பவருக்குத் தன்னிடம் இனி யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்ற எண்ணம் ஊறிவிடும். மருந்து தொடாத காயம் அது. தொழுநோயாளருக்கு இந்தக் காயம் இன்னும் ஆழமானது; ஊரே அவர்களை ஒதுக்கியது. தமிழ்நாட்டில் செங்கல்பட்டுக்கு அருகே பாரதபுரத்தில், ஆஸ்திரியக் கலைஞர் வெர்னர் டோர்னிக்கும் பத்மா வெங்கட்ராமனும் 2005இல் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பிந்து ஓவியப் பள்ளியைத் தொடங்கினார்கள். விரல் குறைந்த கைகளால் தூரிகை பிடித்தவர்களின் ஓவியங்கள் வெளிநாடுகளில் காட்சிக்கு வைக்கப்பட்டன, விற்கப்பட்டன. நிறம் மனதை ஆற்றியது என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அந்தப் படத்தை ஒருவர் காசு கொடுத்து வாங்கித் தன் வீட்டுச் சுவரில் மாட்டினார் என்பதும் சேர்ந்துதான் அவர்களை நிமிர்த்தியது.

படைப்பு வேறு, கைத்தொழில் வேறு என்று சிலர் சொல்வார்கள். நூறாவது பெட்டியைப் பின்னுவதில் என்ன படைப்பு என்று கேட்கலாம். பார்த்துக்கொண்டிருந்தால் பதில் கிடைக்கும். எந்த இழையில் சிவப்பு வரவேண்டும், எங்கே மூலை திருப்ப வேண்டும், விளிம்பை எத்தனை மடிப்பில் நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுப்பவர் பின்னுகிறவர்தான். நோயில் எல்லா முடிவையும் மற்றவர்கள் எடுத்தார்கள்; இங்கே பிழை வந்தால் அவரே அவிழ்த்து, அவரே திரும்பப் பின்னலாம். இப்படியொரு வேலை மனதைத் தேற்றும் என்பதற்கு ஆதாரம் போதுமா என்பது இன்னும் கனமான கேள்வி. காசநோய்ச் சானடோரியத்தில் படுத்தபடி வரைந்த ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில் 1942இல் ‘கலைச் சிகிச்சை’ என்று பெயரிட்ட நாளிலிருந்து இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றில் பல சிறியவை. எல்லாம் ஒரே தரத்தவையும் அல்ல. பின்னல் கட்டியைக் கரைக்காது, மருந்தை நிறுத்த ஒரு காரணமும் ஆகாது. ஆனால் கவலையும் தனிமையும் குறைவதற்குக் கலை துணைநிற்கிறது என்ற அளவுக்கு அந்தத் தொகுப்பு தெளிவாகவே பேசுகிறது. நான் கேட்பதும் அந்த அளவுதான்.

கை தாங்குமா என்ற அச்சம் நியாயமானது. சில புற்றுநோய் மருந்துகள் விரல்களை மரக்கச் செய்யும். அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கை வீங்கலாம். ஓலை விளிம்போ கத்திபோல அறுக்கும். மரத்த விரலுக்கு வெட்டுப்பட்டதே தெரியாது. வேலூரில் டாக்டர் போல் பிராண்ட் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய பிறகு அவர்களுக்குத் தச்சுவேலை பழக்கினார். உணர்ச்சியற்ற கைக்கு வேலையே காயம் தரும் என்று தெரிந்தும் அவர் வேலையை நிறுத்தவில்லை. கருவியின் பிடியை மாற்றினார், ஒவ்வொரு நாளும் கையைப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை உண்டாக்கினார். ஓலை வேலைக்கும் அது பொருந்தும்: வைத்தியரைக் கேட்டுத் தொடங்கலாம், வார்கிற வேலையை மற்றவர் செய்து கொடுக்கலாம், அகல இழையும் குறைந்த நேரமும் போதும்.

எனக்கு மிகவும் கனக்கிற ஆட்சேபம் கூலியைப் பற்றியது. ஒரு பெட்டிக்குப் பின்னால் உள்ள வெயிலும் சாயப்புகையும் முதுகுவலியும் அதன் விலையில் தெரிவதில்லை. அப்படிப்பட்ட தொழிலை ‘ஆறுதல்’ என்று புகழ்வது குறைந்த கூலிக்குச் சந்தனம் பூசுவதாகிவிடும். அதனால்தான் விலையை ஆறுதலிலிருந்து பிரிக்க முடியாது என்கிறேன். அனுதாபத்துக்காக வாங்கிப் பரணில் போடுகிற பெட்டி, செய்தவரை மறுபடியும் நோயாளியாக்கிவிடுகிறது. உங்கள் வீட்டிலோ அயலிலோ நோயிலிருந்து மீண்ட ஒருவர் ஓலை பின்னத் தெரிந்தவராக இருந்தால், பிட்டு அவிக்க ஒரு நீத்துப்பெட்டி வேண்டும் என்று கேளுங்கள். அவருக்கு ஏலும் ஒரு திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னல் பிசகியிருந்தால் சொல்லுங்கள். அவர் சொல்லும் விலையை முழுதாகக் கொடுங்கள்.