தாடிக்கொம்பு வழியில் ஒரு தாகம்

திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர்ச் சாலையில், ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தொலைவில் குடகனாற்றங்கரையில் உள்ளது தாடிக்கொம்பு. சௌந்தரராசப் பெருமாள் கோவிலின் சிற்பங்களால் புகழ் பெற்ற ஊர். இங்கிருந்து தெற்கே செல்லும் சாலை, திண்டுக்கல்லின் புனித சூசையப்பர் ஆலயத்தை நமக்கு அண்மையாக்குகிறது. 2003-இல் மறைமாவட்டம் உருவானது முதல் அதுவே பேராலயம்.

இன்று இத்தொலைவு சிறிது நேரப் பேருந்துப் பயணமே. கால்நடையாயின் இரண்டு மணி நேரம் ஆகும். முற்காலத்தில் நற்கருணை உட்கொள்வோர் நள்ளிரவு முதல் உணவையும் நீரையும் விலக்க வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. மழை குறைந்த இச்சமவெளியில் நாவறள நடந்து வந்து, அப்ப வடிவில் எழுந்தருளியுள்ள ஆண்டவரை உட்கொண்ட பின்னரே ஒரு வாய்த் தண்ணீர் என்றால், அவ்விசுவாசம் எத்தகையது!

நம் பலவீனத்தை அறிந்த தாயன்றோ திருச்சபை! 1953-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் நோன்பை முறிக்காது என்று அறிவித்தார். 1957-இல் அவரே உணவுக்கான நோன்பை 3 மணி நேரமாகக் குறைத்தார். 1964-இல் ஆறாம் சின்னப்பர் அதனை 1 மணி நேரமாக்கினார். திருப்பந்தியை மக்கள் அடிக்கடி அணுக வேண்டும் என்பதே நோக்கம்.

நோன்பு குறைந்தது, தாகமும் குறைந்துவிட்டதா? அன்பான பெற்றோரே, ஞாயிறன்று அந்த ஒரு மணி நேரத்தை வீண்பேச்சில் கழிக்க வேண்டாம். யாரைச் சந்திக்கச் செல்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கு வழியிலேயே சொல்லுங்கள். வெறும் வயிற்றைவிட ஏங்கும் இதயத்தையே ஆண்டவர் தேடுகிறார்.