வர இயலாதவர்கள்

கோவில்பட்டியிலிருந்து வரும் முதல் பஸ்ஸின் கண்டக்டர், படியில் நின்றபடியே தினத்தந்திக் கட்டைக் காப்பிக்கடைத் திண்ணையில் எறிந்துவிட்டுப் போவார். கட்டு என்று பேர்தான், நாலைந்து பிரதிகள். கடைக்கு உரியதைக் கடைக்காரர் தாள் தாளாகப் பிரித்துவிடுவார். முதல் பக்கம் ஒருவர் கையில், சினிமா விளம்பரம் இன்னொருவர் கையில். எழுத்து தெரியாதவர்கள் பெஞ்சில் காத்திருப்பார்கள். அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் வேலை. கூலி ஒரு கடலை மிட்டாய்.

சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய பத்திரிகை அது. சின்னச் சொல், சின்ன வாக்கியம். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவனும் மூச்சு முட்டாமல் முற்றுப்புள்ளிக்கு வந்து சேரலாம். போஸ்ட் மாஸ்டர் வீட்டில் தினமணி வாங்குவார்கள். ஏ.என். சிவராமனின் தலையங்கத்தை அவர் சாய்வு நாற்காலியில் தனக்குள்ளேயே வாசித்துக்கொள்வார். எங்கள் பெஞ்சுக்கு அது வந்ததேயில்லை.

வாசிப்பது நான் என்றாலும் எதை வாசிப்பது என்று முடிவு செய்வது பெஞ்சு. “அத விடுலே, விருதுநகர்ல மல்லி என்ன வெல போட்டிருக்கான்?” என்பார் ஒரு தாத்தா. மல்லி, பருத்தி, பிறகு கொலை, கொள்ளை. அதற்கப்புறம்தான் டெல்லியும் சென்னையும். பிரதமரே பேசியிருந்தாலும் மல்லி விலைக்குப் பின்னால்தான் நின்றாக வேண்டும். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோதும் எங்கள் பெஞ்சில் பெரிய சலசலப்பில்லை. மாநிலத்தில் அப்போது தி.மு.க. ஆட்சி, நெருக்கடி நிலையை எதிர்த்துக் கட்சியே தீர்மானம் போட்டிருந்தது. கைது, சிறை எல்லாம் வடக்கே எங்கோ நடக்கிற சங்கதி. அந்த வருஷம் பெஞ்சு அழுதது அக்டோபர் 2-ஆம் தேதி காமராஜர் இறந்ததற்கு மட்டுந்தான்.

1976 ஜனவரி 31, சனிக்கிழமை, கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. தலைப்பை வாசித்ததும் சலூன்காரர் ஒரு விசில் அடித்தார். அவர் இரட்டை இலை. எதிர்க் கடைத் தையல்கார மாமா உதயசூரியன். ஊசியில் கோத்த நூலை இழுத்து அறுத்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வாரத்திலேயே போலீஸ் ஜீப் பக்கத்து ஊர்களில் சுற்றத் தொடங்கியது. விசாரணையில்லாமல் உள்ளே வைக்கிற மிசா சட்டத்தின் பெயரை அப்போதுதான் கேட்டோம். யாரைப் பிடித்தார்கள், எந்த ஜெயில், எப்போது விடுவார்கள் என்று ஒரு பத்திரிகையிலும் வரவில்லை. பஞ்சாயத்து ரேடியோ மட்டும் சாயங்காலமானால் தவறாமல் பாடியது. ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன என்றது, இருபது அம்சத் திட்டம் என்றது. அந்த இருபதையும் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் நீல எழுத்தில் எழுதி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கப் போட்டி வைத்தார்கள். பதினான்காவதுக்கு மேல் யாருக்கும் வரவில்லை.

தையல் மாமா தி.மு.க. பத்திரிகையான முரசொலி வாங்குவார். சென்னையிலிருந்து வர வேண்டும். எங்கள் ஊரில் அது எப்போதும் நேற்றைய பத்திரிகைதான். தணிக்கைக்குப் பிறகு அதில் என்ன இருக்கப்போகிறது என்று நாங்கள் நினைத்திருந்தபோது ஒருநாள் மாமா என்னைக் கூப்பிட்டார். பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அதையொட்டி வந்த இதழில் ஒரு நீண்ட பட்டியல். அண்ணா சதுக்கத்தில் மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று சொல்லிவிட்டு, பெயர், பெயர், பெயர்.

“சத்தமா வாசி. நிறுத்தி நிறுத்தி வாசி.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாண வீட்டு மொய் நோட்டை வாசிப்பது மாதிரி வாசித்தேன். வர முடியாதவர்களை ஏன் ஒரு பத்திரிகை இவ்வளவு மெனக்கெட்டு அச்சிட வேண்டும்? மாமா வெட்டுத் துணியில் சாக்குக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பாதியில் சலூன்காரர் உள்ளே நுழைந்து கதவோரம் நின்றார். அவர் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை.

“மச்சினன் பேரு இருக்கா அண்ணாச்சி?” என்று மாமாவைக் கேட்டார்.

சலூன்காரரின் மச்சினர் பக்கத்து ஊர் தி.மு.க. கிளைச் செயலாளர். ராத்திரியில் வீட்டிலிருந்து கூட்டிப் போனவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் குடும்பமே தவித்துக்கொண்டிருந்தது. நான் திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். அந்தப் பெயர் இல்லை. இல்லை என்றால் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா, சென்னைக்குச் சேதி போய்ச் சேரவில்லை என்று அர்த்தமா? யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் அது கைதானவர்களின் பட்டியல் என்பதே என் மண்டையில் ஏறியது.

கைதி, சிறை, மிசா என்ற சொற்களைத் தேடிக்கொண்டிருந்த தணிக்கை அதிகாரிக்கு, அஞ்சலிக்கு வர இயலாதவர்கள் என்பதில் அடிக்க ஒன்றும் கிடைத்திருக்காது. இந்தச் சாமர்த்தியத்தைப் பின்னாளில் மேடைதோறும் பெருமையாகச் சொன்னார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதில் பாதி வேலை வாசகனுடையது. இரவில் ஜீப் சத்தம் கேட்டுப் படுத்திருந்த ஊர்களுக்குத்தான் அந்தப் பட்டியல் புரிந்திருக்கும். கேட்காத இடத்தில் அது வெறும் பெயர்கள்.

மச்சினர் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தது மாசி முடிவதற்குள் தெரிந்துவிட்டது. பிறகு சலூன்காரரும் தையல் மாமாவும் பழையபடி எதிரெதிர் கடைகளுக்குத் திரும்பிவிட்டார்கள்.

1977 ஜனவரி 18-இல் தேர்தல் என்று அறிவித்தார்கள். தணிக்கையின் பிடி தளர்ந்தது. சுவரெல்லாம் சுண்ணாம்பு. காங்கிரசுக்கு அப்போது பசுவும் கன்றும் சின்னம், அ.தி.மு.க. அதோடு கூட்டணி. “கன்னுக்குட்டிக்கு முன்னாடி எலையப் போட்டா தின்னுட்டுத்தான் போவும்” என்று தையல் மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சலூன்காரர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

மார்ச் 20 இரவு சித்தப்பாவின் டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆல் இந்தியா ரேடியோ ரேபரேலியைப் பற்றி வாயே திறக்காமல் மற்ற ஊர்க் கணக்குகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. “சொல்ல மாட்டேங்கான்னா தோத்துட்டான்னு அர்த்தம்லே” என்றார் தாத்தா. ஒரு வருஷத்தில் எங்கள் பெஞ்சுக்கு அந்தப் பழக்கம் வந்திருந்தது. அங்கே ராஜ்நாராயணிடம் இந்திரா காந்தி தோற்றிருந்தார். உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களில் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இங்கேயோ தலைகீழ். தமிழ்நாட்டின் 39-இல் 34 காங்கிரஸ் கூட்டணிக்கு. நெருக்கடி நிலைக்கு மக்கள் பாடம் புகட்டினார்கள் என்று யாராவது எழுதும்போது எனக்கு எங்கள் ஊர் வாக்குச்சாவடி நினைவுக்கு வரும். நாங்கள் ஒரு பாடமும் புகட்டவில்லை. டெல்லி துர்க்மான் கேட்டில் 1976 ஏப்ரலில் வீடுகளை இடித்ததும் சுட்டதும், வடக்கே ஆள் பிடித்துக் கருத்தடை செய்ததும் ஓட்டுப் போட்ட பிறகுதான் எங்கள் பெஞ்சுக்கு விவரமாக வந்தன. சென்னை மத்தியச் சிறையில் நடந்த அடிதடிகளை விசாரித்த நீதிபதி இஸ்மாயில் கமிஷன் செய்திகளும் பிறகுதான். முன்னாள் மேயர் சிட்டிபாபு அங்கே பட்ட அடியை வாசித்தபோது சலூன்காரர் கத்தியை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் நுரை காய்ந்த முகத்தோடு பொறுத்திருந்தார்.

துர்க்மான் கேட் பற்றி ஒரு வாரப் பத்திரிகையில் வந்ததை வீட்டில் என் ஆச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். பாவம் என்றாள். அந்த இருபது அம்சத்தில் ஊர்ப்புற ஏழைகளின் கடன் வசூலுக்குத் தடை என்பதும் ஒன்று. அதற்குப் பயந்துதான் அடகுக் கடைக்காரர் வட்டி கேட்காமல் அவளுடைய பித்தளை அண்டாவைத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

“இதெல்லாம் முன்னாடியே பேப்பர்ல வந்திருந்தா யாருக்குப் போட்டிருப்ப ஆச்சி?”

“பேப்பர்ல எங்க அண்டா வந்ததாலே?” என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊத எழுந்து போனாள்.